மறுகா

வலையிறவுப் பாலம் தாண்டி
படுவான்கரைக்கு இறங்கிற முதல் வளைவில
ஒரு சுவர் நிக்குது.
ஏழடி உயரம், ஒண்டரை அடி மொத்தம்.
கட்டினது நான்.
அதுக்குக் கண் ரெண்டு.
ஒண்டு வயலைப் பாக்கும், மத்தது வாவியை.
ரெண்டும் ஒருநாளும் சேந்து திறந்திருக்கேல்ல.

முதல் வந்தது இந்தியன் ஆமி.
தலைப்பாக் கட்டின ஒருத்தன்
என்ட மட்டக்கோலை வாங்கி
வயலுக்கு நீட்டினான்: "உதர், உதர்."
பாஷை விளங்கேல்ல, கோல் விளங்கிச்சு.
துவக்கின் கழுத்து கிறுகிற அளவுக்கு
ஒரு துளை விட்டன்.
கூரைக்குத் தென்னங்குத்தி,
அலையப்போடியாரிட தோப்பில நாப்பத்திரண்டு மரம்.
அரிஞ்சு அடுக்கினது ஆதம்பாவா,
காத்தான்குடியில இருந்து சைக்கிளில வாறவர்,
மத்தியானச் சோத்தில பாதி எனக்கு.

அவங்கள் கப்பல் ஏறினாங்கள்.
மறுகா பொடியள்.
"அண்ணே, வயல்பக்கத்தை அடைச்சுப்போட்டு
பாலம் பாக்கத் திறங்க."
அந்த ஆவணியோட
ஆதம்பாவா இந்தப் பக்கம் வரேல்ல.
நானும் அந்தப் பக்கம் போகேல்ல.
அவரிட வாளரம் என்ட வீட்டு வளையில
துருப்பிடிச்சுத் தொங்கிச்சு.

மறுகா ஆமி. வயல்.
மறுகா பொடியள். வாவி.
சீமெந்து பாலம் தாண்ட விடாத காலம் அது.
புத்துமண்ணும் வைக்கலும் குழைச்சு அடைச்சன்.
மாரி பெய்ய அடைப்பில நெல்லு முளைச்சிச்சு.
சென்றியில நிண்ட பெட்டை
அதைப் பிடுங்காம
தண்ணிப் போத்தலால ஊத்திக்கொண்டு நிண்டாள்.
பேர் கேக்கேல்ல. கேக்கிறதில்ல.

வந்த எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்கள்:
"எந்தப் பக்கத்தால வருவாங்கள்?"
மொனராகலைப் பொடியன் ஒருத்தன்
அரைகுறைத் தமிழில, அழுவாப்போல கேட்டான்:
"பாஸ், எங்கால வாறது?"
பாஸ் எண்டது ஒல்லாந்தன் விட்டுட்டுப் போன சொல்லாம்.
எங்கட ஊரில அவன் விட்டது ரெண்டு,
என்ட பட்டமும் புளியந்தீவுக் கோட்டையும்.

கோட்டைக்குள்ள கச்சேரி.
ஒருக்கா மதில் பூச்சுக்குப் போனன்.
பறங்கி போட்ட அத்திவாரம், ஒல்லாந்தன் ஏத்தின கல்லு,
வெள்ளைக்காரன் அடிச்ச சுண்ணாம்பு,
அதுக்கு மேல எங்கட ஆக்கள் ஒட்டின நோட்டீஸ்.
பீரங்கி இன்னும் வாவியைத்தான் பாக்குது.
நான் கரண்டிக்காம்பால
அங்கங்க தட்டித் தட்டிக் கேட்டன்.
ஓவசியர் சிரிச்சார், புதையலோ எண்டு.

புதையல் இல்ல.
நான் அடைக்கிற நேரமெல்லாம்
உள்பூச்சில ஆணியால கீறி வைக்கிறனான்:
"பூபாலபிள்ளை, மேசன். நாலு நாள் கூலி பாக்கி."
மேல மற்றப் பூச்சு வந்து மூடிப்போடும்.
அப்படி ஒருத்தன் இந்தக் கோட்டையிலயும்
கீறி வைச்சிருக்க மாட்டானா?
அவனுக்கும் ஒரு பேர் இருந்திருக்கும்.

போன கிழமை பிரதேச சபையில இருந்து ஆள் வந்தது.
சுவர் நல்ல உறுதியாம், உடைக்க வேணாமாம்,
பால் சேகரிக்கிற நிலையம் ஆக்கப்போறாங்களாம்.
"ஒரு ஜன்னல் வைக்கணும், பாஸ்."
மட்டக்கோலை எடுத்தன்.
வாய் தன்பாட்டில கேட்டுச்சு:
"எந்தப் பக்கத்தால வருவாங்கள்?"

பொடியன் என்னைப் பாத்தான்.
தொண்ணூத்தொம்பதில பிறந்தவனாம்.
"மாட்டுக்காரர்தானே ஐயா,
ரோட்டால."

உளி வைச்சன்.
மூண்டாம் அடியில அடைப்பு பிளந்து
கீறின எழுத்து பாதி வெளிய வந்திச்சு,
"லு நாள் கூலி."
அதுக்குப் பின்னால புத்துமண்,
அதுக்குள்ள கறுத்த ஒரு பிடி வைக்கல்.
கையில எடுத்து வைச்சுக்கொண்டு
கொஞ்ச நேரம் நிண்டன்.

பின்னேரம் ஆறுதலா யோசிச்சன்,
காத்தான்குடிக்குப் போகோணும்.
ஜன்னலுக்கு நிலை வேணும்.
ஆதம்பாவா இருக்காரோ, மகன்மாரோ.
வாளரத்தைப் பேப்பரில சுத்தி
சைக்கிள் கரியரில கட்டினன்.